பிரித்த தையலைப் பற்றிக் கேளுங்கள்

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிக்கொள்கிறேன். நீலகிரியில் தையல், ஓவியம், இசை, மண்பாண்டம் என்று வெவ்வேறு கலைகளில் இருப்பவர்களைச் சந்தித்து, அவர்களுடைய படைப்பு வாழ்க்கையைப் பற்றி ஓர் உரையாடல் தொடர் எழுத நினைக்கிறீர்கள். இதுவரை மூன்று பேரைப் பார்த்துவிட்டீர்கள். மூவரும் “பாட்டி செய்தார், அம்மா செய்தார், நாங்களும் செய்கிறோம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். இவர்களைப் பேசவைப்பது எப்படி, எல்லாக் கலைக்கும் பொருந்துகிற கேள்வி என்று ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்கள்.

உண்டு, ஒன்றே ஒன்று. நான் குன்னூரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விடுமுறை நாட்களில் ஒரு சிற்றிதழுக்காக இந்த மலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே வேலையைச் செய்தேன். அந்த ஒரு கேள்வி அகப்படவே எனக்கு முதல் நான்கு ஆண்டுகள் பிடித்தன. ஆகையால் மூன்று பேரிடம் வெறுங்கையோடு திரும்பியதற்காக நீங்கள் வருந்த வேண்டாம். என் கணக்கு அதைவிடப் பெரியது.

என் முதல் நேர்காணல் ஊட்டிக்கு வெளியே ஒரு மந்தில், அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பில், நடந்தது. வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா பூத்துக்குளி என்ற அவர்களுடைய சால்வையில் பூவேலை தைத்துக்கொண்டிருந்தார். நான் முந்தைய இரவே கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். முதல் கேள்வி: “உங்கள் கலைக்கு அகத்தூண்டுதல் எது?” இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் ஊசியை நிறுத்தாமல் ஒரே சொல்லில் பதில் சொன்னார்: “வெயில்.” எனக்குப் பரவசம். ‘கதிரவனே இவருடைய கலையின் ஊற்றுக்கண்’ என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். இதழ் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய மகள் வாசித்துக் காட்டினார். வாசித்து முடிப்பதற்குள் வீடே சிரித்தது. “சார், மேகம் மூடினால் இழை தெரியாது. இழை தெரியாவிட்டால் எண்ண முடியாது. அம்மா சொன்னது அவ்வளவுதான்” என்றார் மகள்.

அந்தச் சிரிப்பை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தோடர் பெண்கள் துணியில் பென்சிலால் கோடு வரைந்துகொள்வதில்லை. வளையத்தில் இழுத்துப் பிடித்துத் தைப்பதும் இல்லை. தடித்த வெள்ளைப் பருத்தித் துணியின் பாவு, ஊடு இழைகளை விரலால் தடவி, கண்ணால் எண்ணி, இத்தனை இழை விட்டு இத்தனை இழை என்று ஊசியை நுழைக்கிறார்கள். சிவப்பு நூல், கறுப்பு நூல். உருவம் முழுவதும் எண்ணிக்கையாக மனத்தில்தான் இருக்கிறது. வேலை துணியின் பின்புறத்தில் நடக்கிறது. நாம் பின்பக்கம் என்று நினைக்கும் சொரசொரப்பான பக்கமே அவர்களுக்கு வெளியே தெரிய வேண்டிய பக்கம். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் வடிவங்களின் பொருளைத்தான் கேட்கிறார்கள். இது எருமைக் கொம்பா, இது தேனடையா, இது நிலவா? அதற்கெல்லாம் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் போதும். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மறுமுறை போனபோது அதே அம்மா தைத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான்கு விரல் அகலத்துக்கு நூலை உருவிப் போட்டிருந்தார். பொழுது போக்குவதற்காகத்தான் கேட்டேன்: “எங்கே தவறியது?”

நாற்பது நிமிடம் பேசினார். முந்தைய நாள் மாலை உறவினர் வந்துவிட்டார்கள். பேசிக்கொண்டே தைத்ததில் ஒரே ஓர் இழை கூடுதலாகப் போய்விட்டது. ஓர் இழை உடனே கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் அடுத்த வரி, அதற்கும் மேல் இன்னொரு வரி என்று போகும்போது உருவம் மெல்லச் சாய்கிறது. அந்தி வேளையில் அவருடைய விரலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் வந்தவர்கள் முன்னால் பிரிக்க வெட்கம். ‘காலையில் பார்க்கலாம்’ என்று மேலும் இரண்டு வரி தைத்தாராம். “தெரிந்துகொண்டே தைத்த அந்த இரண்டு வரியைப் பிரிக்கும்போதுதான் எரிச்சல் வந்தது” என்றார். மாமியார் உயிரோடு இருந்தபோது தையலைக் கண்ணால் பார்க்கமாட்டார், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பாராம். உருவிய நூலில் பிசிறு எழுந்துவிடுவதால் அதை நல்ல துணியில் போடுவதில்லை; மகளுக்குக் கற்றுக்கொள்ளக் கொடுத்துவிடுவார். “எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் கற்றுக்கொண்டது பிரித்துப்போட்ட நூலில்தான்.”

அகத்தூண்டுதல், படைப்பு மனம், மரபும் புதுமையும் என்று நான் எழுதி வைத்திருந்த பன்னிரண்டு கேள்விகளுக்கும் உரிய பதில்கள் அந்த நாற்பது நிமிடத்துக்குள் இருந்தன. அன்றிலிருந்து நான் யாரைச் சந்தித்தாலும் முதலில் கேட்பது இதுதான்: தவறினால் என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்வி ஏன் எல்லாக் கலையிலும் செல்லுபடியாகிறது என்பதற்கு எனக்குத் தோன்றிய காரணம் இது. பிரிக்க முடிந்த கலை, பிரிக்க முடியாத கலை என்று இரண்டு உண்டு. நடுவில் பல படிகளும் உண்டு. ஒருவர் எந்தப் படியில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறாரோ அது அவருடைய சுபாவத்தையே வளைத்துவிடுகிறது. பேச்சின் வேகம், கோபம், சொந்த வேலையைப் பற்றிய பெருமை, பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் முறை எல்லாவற்றிலும் அது தெரிகிறது. தோடர் தையல்காரர்கள் பொறுமைசாலிகள் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அவர்கள் பொறுமைசாலிகளாகத் தெரியவில்லை. கணக்குப் பிள்ளைகளைப் போன்ற கறார் பேர்வழிகள். ஒரு பைசா இடித்தாலும் முழுப் பேரேட்டையும் திருப்பிப் பார்க்கிற வகை.

இந்த மலையின் இன்னொரு பழங்குடியினரான கோத்தரிடம் போனால் நிலைமை தலைகீழ். நீலகிரியில் ஏழு கோத்தர் ஊர்கள் இருக்கின்றன. ஊருக்குக் கோக்கால் என்று பெயர். மொத்தம் இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருப்பார்கள். ஆனால் இந்த மலையின் இரும்பு வேலை, மர வேலை, மண்பாண்டம், இசை நான்கும் ஒருகாலத்தில் அவர்கள் கையில் இருந்தன. கொள் என்ற குழலும், கொம்பும், தப்பட்டை வகைப் பறைகளும் அவர்களுடைய வாத்தியங்கள். தெய்வத்துக்கு உரிய மெட்டு வேறு, சாவுக்கு உரிய மெட்டு வேறு. சாவு மெட்டைப் பொழுதுபோகாமல் வீட்டில் உட்கார்ந்து ஊதிப் பார்க்க முடியாது. ஆகவே ஒத்திகை என்பதே ஒரு சிக்கல். தவறும் இடமும் அரங்கேறும் இடமும் ஒன்றுதான்.

ஒரு பெரியவரிடம் என் கேள்வியைப் போட்டேன். “ஐயா, வாசிக்கும்போது தவறினால்?” அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “எங்கே தவறினால்?” என்று திருப்பிக் கேட்டார். பிறகு தரையில் ஒரு குச்சியால் புள்ளிகள் வைத்துக் காட்டினார். மெட்டு தாளத்தோடு வந்து சேரவேண்டிய இடங்கள் சில உண்டு. அங்கே வந்து சேர்ந்துவிட்டால் போதும். இடையில் குழல் கொஞ்சம் முன்னே ஓடினாலும் பின்தங்கினாலும் அது தவறில்லை. அது ஆளுக்கு ஆள் நடை. சேரவேண்டிய இடத்தில் சேராவிட்டால் அது தவறு. கோத்தரோடு தங்கி அவர்களுடைய இசையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ரிச்சர்ட் வுல்ஃப் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர், இடத்திலும் காலத்திலும் நங்கூரம் பாய்ச்சுவதைப் போன்றது இவர்களுடைய இசை என்று விரிவாக எழுதியிருப்பதைப் பின்னாளில் வாசித்தேன். எனக்கு அந்தப் பெரியவரின் குச்சிப் புள்ளிகளே முதலில் வந்துவிட்டதால், வுல்ஃபின் கருத்து எளிதாகப் புரிந்தது.

அதே பெரியவரிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். தோடர், படகர் வீட்டுச் சாவுகளுக்குக் கோத்தர் போய் வாசிப்பது பழைய ஏற்பாடு. இருபதாம் நூற்றாண்டில் அது படிப்படியாக நின்றுபோனது. அதைப் பற்றிக் கேட்கும்போது நான் வழக்கமான துக்கக் குரலில், “இப்போது வாசிப்பதில்லையே, வருத்தமாக இல்லையா?” என்றேன். “நாங்களும்தானே நிறுத்தினோம்” என்றார். ஒரு கலைஞன் எங்கே வாசிக்கமாட்டேன் என்கிறான் என்பதையும் கேட்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அழிந்துவரும் கலை என்ற சொற்றொடரை உங்கள் குறிப்பேட்டிலிருந்து முதலில் அடித்துவிடுங்கள். அதைச் சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் தன் சொந்தச் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்க வேண்டியவராகிவிடுகிறார். இரண்டு தடவை பேட்டி கொடுத்தவர்களுக்கு அந்த ஒப்பாரி மனப்பாடமாகவே இருக்கும். அதைத்தான் உங்களுக்கும் சொல்வார்கள்.

என் பெரிய தவறும் கோத்தர் ஊரில்தான் நடந்தது. திருவிழாவில் வெளியே ஆடும் ஆட்டத்தைப் பதிவு செய்துகொள்ள அனுமதி தந்திருந்தார்கள். நான் டேப் ரிக்கார்டரோடு மெல்ல மெல்ல நகர்ந்து, போகக்கூடாத எல்லைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். யாரும் சத்தம் போடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு இரண்டு பெரியவர்கள் வந்து, “அதை எடுத்துவிடுங்கள்” என்றார்கள். என்னிடம் இருந்த கருவியில் கேசட்டை அழிக்க ஒரே வழி, அதன்மேல் வேறொன்றைப் பதிவு செய்வதுதான். அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். ஒரு பக்கம் ஓடி முடியும்வரை அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் காற்றும், நாய்க் குரைப்பும், யாரோ இருமுவதும் இருக்கின்றன. போகிற நேரத்தில் ஒருவர், “சாப்பிட்டுவிட்டுப் போங்கள்” என்றார். மறுவருடமும் என்னை வரவிட்டார்கள்.

கோத்தர் ஊரில் மண்பாண்டம் வனைவது பெண்கள். அங்கே தவறு உடனே தெரிவதில்லை. வனையும்போது நன்றாக நின்ற பானை சூளையில் விரிசல் விடுகிறது. தெரிவது திறந்து பார்க்கும்போது. “உடைந்ததை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டதற்கு ஒரு பாட்டி, “அடுத்த சூளையை மூட ஓடு வேண்டாமா?” என்றார். எனக்கு அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. மண்ணைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போயிருந்தால் அவர் இன்னும் சொல்லியிருப்பார். பானைக்காரரிடம் போகும் முன் ஒரு நாளாவது மண் பிசைந்து பாருங்கள். கேள்வி தானாக வரும்.

அடுத்து, ஆலுக் குறும்பர் என்ற பழங்குடியினரின் ஓவியத்துக்கு வருகிறேன். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் பழங்கால பாறை ஓவியங்கள் இருக்கின்றன. இன்றைய குறும்பர் ஓவியர்கள் தங்கள் வேலையை அந்தப் பாறையோடு சேர்த்துத்தான் பேசுகிறார்கள். வேங்கை மரத்தின் பால், கரி, செம்மண், வெள்ளை மண், பச்சைக்குக் காட்டவரை இலை என்று நிறங்கள் எல்லாம் காட்டிலிருந்து வருபவை. வேங்கைப் பால் பட்டது பட்டதுதான். துடைத்தால் கறை பரவுமே தவிரப் போகாது. கோட்டு உருவங்களாக மனிதர்கள், தேனெடுப்பு, தெய்வங்கள், குடியிருப்பு. முன்பு சுவரில் வரைந்ததை இப்போது காகிதத்தில் வரைந்து விற்கிறார்கள். தேனெடுக்கவும் போகிற ஒரு ஓவியரிடம் என் கேள்வியைக் கேட்டேன். கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். பாறையிலிருந்து தொங்கும் கொடியில் ஒருவர் தேனெடுக்கிறார். பக்கத்தில் ஆளே இல்லாமல் இன்னொரு கொடி தொங்குகிறது. “அந்த இரண்டாவது கொடி கை தவறி விழுந்த கோடு. வாங்கியவர்கள் எல்லாம் அதற்குத்தான் அர்த்தம் கேட்கிறார்கள்.” தேன் பாறையில் தவறினால் என்று நான் கேட்கவில்லை. அவராகவே, “காகிதத்தில் தவறுவது நல்ல விஷயம், சார்” என்றார்.

தோடர் பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தையலைப் பார்க்க வருபவர்கள் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். 1930களில் இங்கே தங்கித் தோடர் மொழியை ஆராய்ந்த எமனோ என்ற மொழியியலாளர் பாடல்களைத் திரட்டி 1971-இல் பெரிய நூலாக வெளியிட்டார். ஒரு சொல்லடியைப் பாடினால் அதற்கு மரபில் வகுத்த இணையடியையும் பாட வேண்டும். பாட்டு அந்த இடத்திலேயே கட்டப்படுகிறது. ஆண்கள் வட்டமாக நின்று ஆடும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கிறார். இணை நினைவுக்கு வராமல் திணறினால் என்ன ஆகும்? பக்கத்தில் நிற்பவர் சொல்லிவிடுவார் என்றார் ஒருவர், அதில் என்ன இருக்கிறது என்பதுபோல. தனியாகத் தவறவே முடியாத கலை ஒன்று இருப்பது எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுதுகிறவனுக்கு அந்த வசதி ஏது?

இந்த மலையின் கலை என்றால் பழங்குடிகள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்களில் பலர் இங்கே குடியேறினார்கள். அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968-இல் தொடங்கின. அவர்கள் கையோடு கொண்டுவந்ததில் மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தும், தப்பு என்ற பறையும் உண்டு. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக் குடியிருப்பில் வயதான தப்புக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். இளவயதில் கண்டிச் சீமை என்கிற இலங்கைத் தோட்டத்தில், விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆட்களை எண்ணிப் பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூட்டத் தப்படித்தவர். மாசியில் காமன் கூத்துக்கும் அதே தப்புதான். “தப்படிக்கும்போது தப்பினால்?” என்று தொடங்கியதுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தப்புக்காரனிடம் வந்து தப்பு எது என்று கேட்கிறீர்களே, வாத்தியாரே!”

பிறகு சொன்னார். பெரட்டுத் தப்பில் தவறினால் கேட்கிறவர்களுக்கு அக்கறையில்லை. சத்தம் வந்தால் போதும், எழுந்துவிடுவார்கள். கூத்தில் தவறினால் விடவே மாட்டார்கள். மன்மதன் எரிகிற இரவில் அடி மாறினால் அழுதுகொண்டிருக்கிற பெண்களே திரும்பி முறைப்பார்களாம். ஒரே தோல், ஒரே கை, ஒரே அடி. ஆனால் ஒன்று வேலை, மற்றது கூத்து. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பவர்களின் காதுதான் முடிவு செய்தது என்றார். இங்கே வந்த பிறகு சில ஆண்டுகள் கூத்து நடத்திப் பார்த்தார்கள். பாட்டு தெரிந்தவர்கள் வேறு வேறு தோட்டங்களுக்குச் சிதறிப்போனதால் ரதி பாட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. “முறைக்க ஆள் இல்லாமல் போனதும் எனக்கும் அடி மாறத் தொடங்கிவிட்டது” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் மூன்று முறை பஸ் மாறிப் போயிருந்தேன். இன்னும் மூன்று முறை மாறியிருப்பேன்.

புகைப்படக்காரர்களை விட்டுவிடாதீர்கள். ஊட்டியில் இந்து நகர் என்று ஓர் இடம் இருப்பது எதனால் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அங்கே 1967 முதல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இயங்கியது. இந்து (Indu) என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் அங்கிருந்துதான் நாடெங்கும் போனது. ஒளி படக்கூடாத பொருள் என்பதால் உள்ளே இருட்டிலேயே வேலை. இன்று ஆலை மூடிக்கிடக்கிறது. அங்கே வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாகப் படம் எடுத்த ஒருவர் என்னிடம் பேசினார். 36 படம் உள்ள சுருளில் தவறு நடந்ததா என்று கழுவிப் பார்க்கும்வரை தெரியாது. “பிலிம் செய்கிற இடத்திலும் இருட்டு, படம் எடுத்த பிறகும் இருட்டு. நடுவில் ஒரு கண் சிமிட்டும் நேரம்தான் வெளிச்சம்.” இவரை நான் ஒருமுறைதான் பார்த்தேன். இன்னும் பல தடவை போயிருக்க வேண்டும்.

கூடலூர்ப் பக்கம் உண்ணிச்செடியில் யானை செய்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆங்கிலேயர் அழகுக்காகக் கொண்டுவந்து, காடு முழுவதும் பரவி, புல்லையும் புதரையும் விழுங்கிக்கொண்டிருக்கும் செடி அது. அதன் தண்டை வெட்டி, வேகவைத்து, தோலுரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்து உயிர்யானை அளவுக்குக் கட்டுகிறார்கள். பெட்டக் குறும்பர், பணியர், காட்டு நாயக்கர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-இல் நூறு யானைகள் அமெரிக்காவுக்குப் போயின. எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒவ்வொன்றும் இந்தக் காட்டில் உண்மையாக நடமாடும் ஒரு யானையைப் பார்த்துச் செய்வது. அதனால் தவறைச் சொல்வதற்கு விமர்சகர் தேவையில்லை. காட்டு வேலைக்குப் போய்வருகிற ஒருவர் வழியில் நின்று பார்த்துவிட்டு, “அவனுக்கு முதுகு இப்படி இறங்காதே” என்று சொல்லிவிட்டுப் போனாராம். மூன்று நாள் வேலையைக் கழற்றினார்கள். தோடர் அம்மா நூலை உருவியதும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்டேன். “நூலை உருவினால் கை கிழியாது” என்று பதில் வந்தது.

குன்னூரில் நீர்வண்ண ஓவியர் ஒருவரோடும் பேசினேன். என்னிடம் பேசிய இத்தனை பேரில் தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். தவறைப் பற்றிக் கேட்டதும், தான் தவறுவதில்லை என்றார். அந்த நேர்காணலை வெளியிடவில்லை.

வர்க்கி என்ற ஊட்டி மொறுமொறு பிஸ்கட்டைச் சுடும் பேக்கரிக்காரரைக் கலைஞர் வரிசையில் சேர்க்கலாமா என்று எங்கள் இதழில் ஒருமுறை பெரிய சண்டையே நடந்தது. முந்தைய நாள் மாவின் புளிப்பைக் கொண்டு அடுத்த நாள் மாவைப் பதப்படுத்துகிறவர், நேற்றைய தவறை இன்றைக்கும் சுமக்கிறாரே, அதனால் சேர்க்கலாம் என்பது என் கட்சி. தோற்றுப்போனேன். நீங்கள் உங்கள் தொடரில் சேர்த்துக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சி.

இனி நடைமுறை விஷயங்கள். கை சும்மா இருக்கும்போது பேட்டி எடுக்காதீர்கள். கையில் வேலை ஓடிக்கொண்டிருந்தால்தான் வாய் தன்போக்கில் பேசும். அமைதி வந்தாலும் இருவருக்கும் சங்கடமாக இராது. விலையைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரு சால்வைக்கு எத்தனை நாள் என்று நான் கேட்டபோது, “கேரட் எடுக்கிற மாதமா, எடுக்காத மாதமா?” என்று திருப்பிக் கேட்டார்கள். எருமை, காய்கறி நிலம், பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றுக்கும் இடையில்தான் அந்த ஊசி ஓடுகிறது. படைப்பு வாழ்க்கை என்று நீங்கள் தேடுவது அந்த இடுக்கில்தான் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவருடைய ஒரு பகலை நீங்கள் எடுத்துக்கொண்டால் அந்த நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். பேட்டிக்குப் பணம் கொடுக்கலாமா என்று நீதி விசாரம் செய்கிறவர்கள் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

மொழி விஷயத்தில் கவனம் தேவை. தோடர், கோத்தர், குறும்பர், படகர் எல்லாரும் உங்களோடு தமிழில் பேசுவார்கள். ஆனால் தொழிற்சொற்கள் அவர்களுடைய மொழியில் இருக்கும். அவற்றைத் தமிழாக்கிவிடாதீர்கள், காதில் விழுந்தபடி எழுதி, வீட்டில் இருக்கும் இளையவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். வயதில் மூத்தவர்களை ஐயா, அம்மா என்றே கூப்பிடுங்கள். முதல் சந்திப்பிலேயே பாட்டி, தாத்தா என்று உறவு கொண்டாடுவதை எல்லாரும் விரும்புவதில்லை. முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்தை முதலில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த பொருளை இங்கே கையில் பார்க்கும்போது உங்களுக்கே நிறையக் கேள்விகள் எழும்.

எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் பேசியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வெயில் கதைக்குப் பிறகு நான் தவறாமல் செய்த காரியம் இது. பாதிப் பேர் பெரிய திருத்தம் எதுவும் சொல்லமாட்டார்கள். சிலர், சொன்னதை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுத்துவிடுங்கள். நல்ல வரியாக இருக்கும், வயிறு எரியும், ஆனாலும் எடுத்துவிடுங்கள்.

பதிவுக் கருவிக்கு மழைதான் எதிரி. தகரக் கூரையின்மேல் மழை விழுந்தால் எந்த மைக்கும் பயன்படாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகவே வேண்டாம். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் மண்சரிவில் பாதை அடைபட்டால் பேட்டி முடிந்தும் நீங்கள் திரும்ப முடியாது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வானம் தெளிந்திருக்கும், வெயிலும் நன்றாக அடிக்கும். ஆனால் படகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகையும் கோத்தர் திருவிழாவும் அப்போதுதான் வருகின்றன. யாருக்கும் உங்களோடு உட்கார நேரமிருக்காது; சாப்பாடு மட்டும் கிடைக்கும். பிப்ரவரியில் வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் போனால் திண்ணையில் வெயில் வந்திருக்கும்.